கருப்பையை எடுத்த பின்பும் வலிக்கிறதா? 21 நாள் சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் எனக்கு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) காரணமாக 39 வயதில் கோயம்புத்தூரில் கருப்பையை அகற்றினார்கள். வயதைக் கருதிச் சினைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்தார்கள். ஒன்றரை ஆண்டில் அதே அடிவயிற்று வலி திரும்பியது. கருப்பையே இல்லாதவளுக்கு என்ன வலி என்று வீட்டில் கேட்டபோது எனக்கும் விடை தெரியவில்லை.

பாலக்காட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஆயுர்வேத நிலையத்தின் துண்டறிக்கை, கருப்பை நோய்களை வேரோடு நீக்குவதாகச் சொன்னது. 21 நாள் தங்கிச் சிகிச்சை பெற 68,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நான் நீட்டிய டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்தியர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சினைப்பைகள் இருக்கின்றனவா என்றும் கேட்கவில்லை. மாதவிடாய்க் கோளாறுகளுக்குக் கொடுக்கும் அசோகாரிஷ்டத்தைக் கருப்பை இல்லாத எனக்குக் காலையும் மாலையும் ஊற்றிக் கொடுத்தார்கள். லேபிள் ஒட்டாத டப்பாவில் கருப்பு மாத்திரைகளும் வந்தன. இந்த நோயைக் கட்டுப்படுத்த மகப்பேறு மருத்துவர் எழுதியிருந்த டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் பெரிய தீங்கு. எண்ணெய்த் தேய்ப்பில் உடம்பு இலகுவாகி நன்றாகத் தூங்கினேன், அதை மறைக்கவில்லை. அந்தத் தூக்கத்தைத்தான் குணம் என்று நம்பிவிட்டேன். வீடு திரும்பியபின் வலி கூடியதும் தொலைபேசியில் கேட்டேன். "கெட்டது வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் அம்மா" என்றார்கள்.

நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயை நோய்த்திசு நெரித்துக்கொண்டிருந்தது. இந்தத் திசு கருப்பைக்கு வெளியே, குடல், சிறுநீர்ப்பை, இடுப்புக்குழியின் சவ்வு ஆகியவற்றில் வளர்வதால், அதையும் தேடி வெட்டி எடுக்காமல் கருப்பையை மட்டும் நீக்கினால் அது அங்கேயே தங்கிவிடும் என்றும், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அதற்குத் தீனி போடும் என்றும் அறுவை மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். முதல் அறுவைக்குப் பிறகே இதை யாராவது சொல்லியிருந்தால் அந்தத் துண்டறிக்கையை நான் மடித்துப் பையில் வைத்திருக்க மாட்டேன்.

ஆயுர்வேத மருந்தானாலும் சேர்மானங்கள், தொகுதி எண், தயாரிப்பு உரிம எண் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். கருப்பை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. எனக்குக் கிடைத்த ரசீதில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. மீதமிருந்த 11 மாத்திரைகளை டப்பாவோடும் துண்டறிக்கையோடும் மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டுக் கெடு இருப்பதால், அந்தத் திசுவை நீக்கச் செய்த இரண்டாவது அறுவையின் தையல் ஆறியதும் அந்த மனுவையும் எழுதப் போகிறேன்.