ஜாலான் பாசார் மாடியில் வால்வு ஆம்ப் பழுதுபார்ப்பு

பழைய வால்வு கிட்டார் ஆம்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை) வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் ஆள் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். ஜாலான் பாசாரில், எலக்ட்ரானிக் சாமான் கடைகளுக்கு மேலே ஒரு மாடியில் ஓர் அண்ணன் வேலை பார்க்கிறார். பலகை கிடையாது. விளம்பரம் வேண்டாம் என்பவர், அதனால் பெயர் போடவில்லை.

என்னுடையது 1970களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்: 22 வாட், 9 வால்வு, 12 அங்குல ஸ்பீக்கர். அமெரிக்க மாடல், 120 வோல்ட். நம் ஊரில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஓடாது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஹம் என்ற ரீங்காரம் போகாது, நடுநடுவே படபடவென்று வெடிக்கும். வேறொரு கடையில் எல்லா வால்வையும் மாற்றிக் காசு வாங்கினார்கள். ஹம் அப்படியே இருந்தது.

அண்ணன் ஒரு வால்வைக்கூட மாற்றவில்லை. ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 பவர் வால்வுகளுக்கு முன்னால் இருக்கும் 12ஏடி7 வால்வைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ஹம் குறையவில்லை. "முன்னால ஒன்னும் இல்ல தம்பி, சப்ளைதான்" என்றார். ஆம்புக்கு மின்சாரம் தரும் அந்தப் பகுதியில், அதைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தன. அணைத்த பிறகும் அவை 400 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைத்தார். வெடிப்புச் சத்தத்துக்கு, ஆம்ப் ஓடும்போதே மரச் சாப்ஸ்டிக்கால் பாகம் பாகமாகத் தட்டினார். ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொட்டதும் படபடத்தது. அதுதான்.

எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்து அவர் பார்த்தது. என் ஸ்டெப்-டவுனில் எர்த் கம்பியே வெளியே போகவில்லை. மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இழுத்ததற்குக் காரணம் அதுவும், மெயின்ஸிலிருந்து சாசிக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) போகும் அந்தப் பழைய கெப்பாசிட்டரும். கெப்பாசிட்டரை வெட்டி எடுத்தார், எர்த்தைச் சரியாக இணைத்தார். மேடையில் பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது சோதியுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

மாற்றம் என்று செய்தது ஒன்றுதான். இரண்டு 6வி6-களையும் சமன்செய்ய மட்டும் இருந்த பயாஸ் குமிழை, அளவைக் கூட்டிக் குறைக்கும்படி மாற்றினார். வாசிக்காமல் இருக்கும்போது வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை வைப்பதுதான் பயாஸ். இப்போது பிளேட்டில் 420 வோல்ட், வால்வுக்கு 20 மில்லி ஆம்பியர், அதாவது 8.4 வாட், 6வி6 தாங்கும் 12 வாட்டில் 70 விழுக்காடு. வேண்டுமானால் பழையபடி திருப்பலாம். மொத்தச் சத்தத்தையும் கட்டுப்படுத்த ஒரு மாஸ்டர் வால்யூம் குமிழ் கேட்டேன். முகப்பில் துளை போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

குறை என்றால் வேகம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், போனும் எடுக்க மாட்டார். கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கனமான ஆம்பைத் தூக்கிக்கொண்டு படியேற இன்னொரு ஆள் வேண்டும். கழற்றிய பாகங்களையெல்லாம் பையில் போட்டுத் திருப்பித் தந்தார், ரசீதில் ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியாக இருந்தது. போகும்போது ஸ்டெப்-டவுனையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் அவர் ஆம்பைத் திறக்கவே மாட்டார்.