குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறவர்களுக்கு: 9,300 ராண்ட் போய்விட்டது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

மலையிலிருந்து இறங்கி மூன்று நாள்தான் ஆகிறது. என் அண்ணன் மகனுக்கு இடது கையில் இரண்டு விரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. அவனுக்கு 19 வயது. கூட்டிக்கொண்டு போனது நான். அண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான். குளிர் தாங்கும் என்று கடைக்காரர் விற்ற ஸ்லீப்பிங் பேக்கையும் ஜாக்கெட்டையும் நம்பிப் போனோம். வயிறு எரிகிறது. வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் வளர்ந்த நமக்குக் குளிர் பழக்கமில்லை. இங்கே குளிர்காலமான ஜூலையில்கூட ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் சென்டினல் கார் பார்க்கில் வண்டியை விட்டுவிட்டுச் சங்கிலி ஏணி வழியாக மேலே போனால், துகேலா அருவி விழத் தொடங்கும் அந்த மேட்டுச் சமவெளி சுமார் 3,000 மீட்டர் உயரம். குளிர்கால இரவில் அங்கே ஓடைத் தண்ணீரே உறைந்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான், சாமான் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று சேர்த்துவைத்த பணத்தை எடுத்தேன்.

கடை பெயரை இங்கே எழுதவில்லை. ஊருக்குள் முகாம் சாமான் விற்கும் சின்னக் கடை, இணையத்திலும் விற்கிறார்கள். உள்ளே போனதும், "வணக்கம்கா, உட்காருங்க" என்றார் கடைக்காரர். இந்த ஊரில் ஒரு கடையில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம். பேச்சுவாக்கில் என் பாட்டி டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர் என்று சொன்னேன். "அட, எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தான்கா" என்றார். டீ வந்தது. ஸ்லீப்பிங் பேக்கை மேசைமேல் விரித்து, என் கையைப் பிடித்து உள்ளே விட்டு, "எவ்ளோ சூடு பாருங்க. மைனஸ் பதினஞ்சு வரைக்கும் தாங்கும். என் சொந்தப் பையனுக்கே இதைத்தான் கொடுத்து அனுப்பினேன்" என்றார்.

பெற்ற பிள்ளையைச் சொல்லி ஒருவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாளாக அந்த ஒரு வரிதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்லீப்பிங் பேக் இரண்டு, 6,400. டவுன் ஜாக்கெட், அதாவது வாத்து இறகு அடைத்தது, இரண்டு, 2,900. மொத்தம் 9,300 ராண்ட். கார்டு வேண்டாம், பேங்க்கில் நேராகப் போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன். பில்லில் 'முகாம் சாமான்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் கேள்வி கேட்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி கூடாரத்துக்கு வெளியே மைனஸ் 9. பத்து மணிக்கே நடுக்கம் ஆரம்பித்துவிட்டது. இருக்கிற துணி எல்லாவற்றையும் மேலே மேலே போட்டுக்கொண்டோம். பையன் பேசினால் வார்த்தை குழறியது. அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி அவன் நெஞ்சோடு அணைத்துவைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் பார்த்தால் மூச்சுக்காற்றின் ஈரம் பட்டு ஜாக்கெட் நனைந்து தொங்கியது. தையல் விட்ட இடத்தில் எட்டிப் பார்த்தது வெறும் பாலியெஸ்டர் பஞ்சு. லேபிளில் 90 சதவீதம் வாத்து இறகு என்று போட்டிருக்கிறது!

வெளிச்சம் வந்த பிறகுதான் ஸ்லீப்பிங் பேக்கின் உள்பக்க லேபிளைப் படித்தேன். கம்ஃபர்ட் 5, லிமிட் 0, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15. ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதற்கான கணக்கு கம்ஃபர்ட். ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் கணக்கு லிமிட். எக்ஸ்ட்ரீம் என்றால் ஆறு மணி நேரம் உயிர் போகாமல் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குளிரில் கை கால் விரல்கள் பனியில் கருகவும் செய்யலாம். பைக்கு வெளியே பெரிதாக அச்சடித்திருப்பது அந்த மைனஸ் 15 மட்டும்தான். சாகாமல் இருப்பதற்கான எண்ணைக் காட்டி, தூங்கலாம் என்று விற்றிருக்கிறார்.

இறங்கிய அன்றே போன் செய்தேன். "பருத்தி பனியன் போட்டிருப்பீங்க, அதான்" என்றார். இரண்டு பேரும் கம்பளித் தெர்மல்தான் போட்டிருந்தோம். மறுநாள் நேரில் போனால், உபயோகித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். அப்புறம், சப்ளையர் ஜோஹனஸ்பர்க்கில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். நேற்று அனுப்பிய ஆறு மெசேஜையும் படித்திருக்கிறார், பதில் இல்லை. கடைசியாக வேறொரு பெண் போனை எடுத்து, "அடுத்த தடவை வாங்கும்போது பத்து சதவீதம் குறைக்கிறோம், ஆன்ட்டி" என்றாள். 9,300 ராண்ட் போனவளிடம் இன்னொரு தடவை வாங்கச் சொல்கிறார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சில மட்டும். கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள், நீங்கள் படுக்கப்போகும் இடத்தின் குளிரைவிட அது கீழே இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக்குக்குக் கீழே விரிக்கிற மேட் (பாய்) தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர்-மதிப்பையும் கேளுங்கள். உடம்பின் கனத்தில் அடிப்பக்கத்து இறகு நசுங்கிவிடும், அதன்பின் தரைக்குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான். எங்களுடையது மெல்லிசு, அதுவும் போதும் என்று சொன்னவர் அவரேதான். பில்லில் பொருளின் முழு விவரத்தையும் எழுதி வாங்குங்கள்.

சுவரில் போர்டு மாட்டினால் சட்டம் மாறிவிடாது. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர்தான். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 20,000 ராண்ட் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அதற்கு முன் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் எழுதியாகிவிட்டது. லேபிள், பஞ்சு வெளியே வந்த ஜாக்கெட், பையனின் விரல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சேர்த்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கப் போகிறேன்.