அக்காவின் காலும் யாழ்ப்பாணக் கிளினிக்கும்

தைப்பொங்கலுக்குப் பூநகரிப் பக்கம், எங்கள் அக்கா இருக்கும் முழங்காவில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா வயலிலிருந்து ஏறி வரும்போதே நொண்டினார். "செருப்புக்குள்ள கல்லு கிடக்கிற மாதிரி இருக்கு. கழட்டிப் பார்த்தா ஒண்டும் இல்லை" என்றார். டொராண்டோவில் நானும் டொக்டரிடம் அச்சொட்டாக அதைத்தான் சொன்னேன்.

எனக்கு இருந்தது மோர்ட்டன் நியூரோமா. பெரும்பாலும் மூன்றாம், நாலாம் விரல்களுக்குப் போகும் நரம்பு முன்பாதத்தில் நெரிபட்டுத் தடித்துவிடும். பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும். அக்கா இரண்டு வருஷமாக வாதம் என்று எண்ணெய் பூசியிருக்கிறார். மருந்துக்குப் போன ஓரிடத்தில் பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பனடோல் கொடுத்து அனுப்பினார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

சரி என்று விடியப்புறம் பஸ் எடுத்தோம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரிப் பக்கத்தாருக்கு யாழ்ப்பாணம் கிட்டத்தான். ஆனாலும் கிளினிக் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

அங்கே டொக்டர் பாதத்தை இரு பக்கமும் பிடித்து அழுத்தினார். உள்ளே 'டிக்' என்றது, அக்கா கத்திவிட்டார். அப்புறம் ஸ்கான். ஒரு சதமும் கேட்கவில்லை. முதலில் அகலமான செருப்பு, முன்பாதத்துக்கு மெத்தை. அதற்கும் நோவு குறையாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. கடைசியாகத்தான் ஒப்பரேஷன் என்று ஆறுதலாகச் சொன்னார். பாதத்தின் மேல்பக்கம் கீறி, நரம்பை நெரிக்கும் நாரை வெட்டி விடுவார்கள், அல்லது நரம்பையே எடுப்பார்கள். எடுத்தால் அந்த இரு விரல்களுக்கிடையே விறைப்பு நிரந்தரம். சிலருக்கு வெட்டிய நுனி திரும்பத் தடித்து நோவு வருவதும் உண்டு.

"சேத்துக்குள்ள முள்ளுக் குத்தினா தெரியுமோ, டொக்டர்?" என்று அக்கா கேட்டார். டொராண்டோவில் எனக்கு இதே ஒப்பரேஷன் செய்யும்போது இப்படியொரு கேள்வி தோன்றவே இல்லை. டொக்டர் தாளில் பாதம் வரைந்து, விறைக்கும் இடத்தை மட்டும் பேனையால் நிழலடித்துக் காட்டினார். பாதத்தின் மற்ற இடங்களில் உணர்வு இருக்கும், ஆனால் புண் ஆறும்வரை சேற்றில் இறங்கவே கூடாது என்றார்.

அன்றே ஊசி போட்டார்கள். நோவு குறையாவிட்டால் அறுவடை முடிந்த பிறகு வெட்டுவதாகப் பேச்சு. அடுத்த திகதிக்குள் நான் கனடா திரும்பிவிடுவேன். கிளினிக் கொப்பியை மருமகனிடம் கொடுத்து, அன்றைக்கு வேறு வேலை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.