மைனியின் மெழுகு பிளாக்கும் நாகர்கோவில் லேபும்

ஆபரேஷன் செய்து எடுத்த கட்டியை இரண்டாம் தடவை பரிசோதிக்கக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் லேபின் பெயர் வேண்டாம்.

பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போன மைனிக்குக் கணையத்தின் வால் பகுதியில் கட்டி இருந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். அங்கே வந்த ரிப்போர்ட்டில், செல்கள் வெளுப்பாக, உள்ளே காலியாக இருக்கின்றன, சிறுநீரகப் புற்றுநோய் பரவியதா என்று பார்க்கவும் என்றிருந்தது. அந்தப் புற்றுநோயிலும் செல்கள் இப்படித் தெரியுமாம். அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. சிறுநீரக ஸ்கேனிலோ ஒன்றுமில்லை.

அப்புறம்தான் நாகர்கோவில் லேப். முதல் நாள் வெறும் அலைச்சல். போனில் கேட்டபோது சிலைடு (கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி) போதும் என்றவர்கள், நேரில் போனதும், கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் இல்லாமல் புது ஸ்டெயின், அதாவது செல்லின் வகையைக் காட்டும் சாயம், போட முடியாது என்றார்கள். பிளாக்கை வாங்கத் திரும்பவும் திருவனந்தபுரத்துக்கு, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று பஸ்ஸில் நெரிசலோடு ஒரு நாள் போனது.

ஆனால் லேபில் சிலைடைப் பார்த்த டாக்டரம்மாவுக்காக அத்தனையையும் மன்னிக்கலாம். மானிட்டரில் சிலைடைக் காட்டி, "அந்தச் செல்லுக்குள்ள கொழுப்புத் துளி இருந்திருக்கு. சிலைடு செய்யும்போது ஆல்கஹாலும் சைலீனும் அதக் கரைச்சிரும். ஆப்பத்துல ஓட்டை மாதிரி இடம் மட்டும்தான் மிஞ்சும்" என்றார். ஹார்மோன் சுரக்கும் செல்களை அடையாளம் காட்டும் சினாப்டோபைசின், குரோமோகிரானின் இரண்டு ஸ்டெயினும் பழுப்பாகப் பிடித்திருந்தன. ஆக, ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து கணையத்திலேயே வந்த கட்டி, அதில் செல்கள் காலியாகத் தெரியும் அபூர்வமான கிளியர் செல் வகை. எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கேஐ 67 என்ற அளவு 2 சதவீதம். 3-க்குக் கீழே இருந்து, செல் பிரிதலும் குறைவாக இருந்தால் கிரேடு 1, அதாவது மெதுவாக வளரும் வகை. அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ சிறுநீரகம் இல்லதானே?"

இந்த வகை சிலருக்கு வான் ஹிப்பல் லிண்டாவ் என்ற பரம்பரை நோயோடு வருமாம். கண், மூளை, சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும், வீட்டில் மற்றவர்களுக்கு உண்டா என்றும் விசாரிக்க வேண்டும் என்றார். இது ரிப்போர்ட்டில் இல்லை, வாயால் சொன்னதோடு சரி. நான் கேட்ட பிறகுதான் கூடுதல் பக்கம் அடித்துக் கொடுத்தார்கள். கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் தனிக் காசு, முதலிலேயே விவரம் வாங்கிவிடுங்கள். பிளாக்கைத் திருப்பி வாங்கும்போது அதிலுள்ள எண்ணை ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்க்கவும். எங்கள் பிளாக் இப்போது அண்ணனின் ஆதார் அட்டை இருக்கும் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், அது மெழுகு.