ரெஜெக்ஸ்101: தமிழ் உரையோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு

உரையில் குறிப்பிட்ட எழுத்து வடிவங்களைத் தேடப் பயன்படும் பேட்டர்ன் மொழிதான் ரெஜெக்ஸ். அதைச் சோதிக்கும் தளங்களில் ஃபிராஸ் டிப் உருவாக்கிய ரெஜெக்ஸ்101 தனி ரகம். மேலே பேட்டர்ன், கீழே சோதனை உரை, வலப்பக்கம் ஒவ்வொரு குறிக்கும் விளக்கம். கணக்குத் தொடங்கத் தேவையில்லை, காசும் இல்லை.

பேட்டர்னை ஒட்டும் முன் இடப்பக்கப் பட்டியலில் உங்கள் நிரல்மொழியைத் தேர்ந்தெடுங்கள். பிசிஆர்இ2 என்ற ரெஜெக்ஸ் எஞ்சினில் ஜோராக ஓடும் (?=…), அதாவது அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப்பார்க்கும் குறி, கோ மொழியில் கம்பைல்கூட ஆகாது. 'தளத்துல ஓடுச்சே, சர்வர்ல ஏன் ஓடல?' என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழுக்கு இந்தத் தளம் பெரிய உதவி. சோதனை உரையில் 'தமிழ்' என்று இட்டு, ஜி (எல்லா மேட்சும்), யு (யூனிகோட்) கொடிகளுடன், எந்த எழுத்துக்கும் பொருந்தும் ஒற்றைப் புள்ளியைப் பேட்டர்னாகக் கொடுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து, கிடைப்பதோ ஐந்து மேட்ச். இகரக் குறியும் ழகரத்தின் மேற்புள்ளியும் தனித்தனி யூனிகோட் குறிகள். பைத்தானில், சொல்லெழுத்தைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டுச் சொல் பிரித்தால் 'தம', 'ழ' என்று துண்டாவதும் இதனால்தான். அந்தக் குறிகளை அது எழுத்தாகவே எண்ணாது.

முழு எழுத்தாகப் பிடிக்க: [ஃஅ-ஹ][ா-்]*

ஃ யூனிகோட் வரிசையில் அகரத்துக்கு முன்னால் இருப்பதால் தனியாகச் சேர்க்க வேண்டும். கடைசியில் ? (ஒன்று அல்லது இல்லை) போதாது, * (எத்தனையும்) வேண்டும்; பழைய கோப்புகளில் 'கொ'வின் ஒகரம் ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதிவாகியிருக்கும். 'க்ஷ' இரண்டாகத்தான் விழும், அதற்குத் தனி விதி எழுதுங்கள். ஒரே எரிச்சல்: உயிர்க்குறி அடைப்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு, கர்சர் எங்கே நிற்கிறதென்றே தெரியாது. யூனிகோட் எண்ணாக எழுதிவிடுவது மேல்.

பிசிஆர்இ-க்கு மட்டும் உள்ள டீபக்கர், எஞ்சின் எங்கே பொருந்தாமல் பின்வாங்கி வேறு வழி பார்க்கிறது என்று படிப்படியாகக் காட்டும். ^(அ+)+$ என்பதை, வரிசையாக அகரங்களும் கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியும் உள்ள உரையில் ஓட்டிப் பாருங்கள். ஓர் அகரம் கூடினால் படிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கொஞ்சம் நீண்டால் தளமே கைவிட்டு எச்சரிக்கை காட்டும். ^அ+$ என்று மாற்றினால் சில படிகளில் முடிந்துவிடும்.

பேட்டர்னை நிரலாக மாற்றித்தரும் கோட் ஜெனரேட்டர் சுமார்தான், எஸ்கேப்களை (பேக்ஸ்லாஷ் இடுவதை) சரிபார்த்துவிட்டு எடுங்கள். சேமித்த பேட்டர்னின் இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும், சோதனை உரையும் சேர்ந்தே தெரியும். வாடிக்கையாளர் செல்பேசி எண், ஆதார் எண் உள்ள லாக்கை அப்படியே ஒட்டிச் சேமிக்காதீர்கள்.