ஆகாயத்தாமரையா, சம்பங்கோரையா?

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வந்தால் ஊரே பார்க்கிறது. ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகம் கலந்திருந்தால் யார் கண்ணிலும் படாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அடி வாங்குவது நீர்ச்செடிதான். செம்பு கொஞ்சம் அதற்குத் தேவை, மிஞ்சினால் நஞ்சு. காட்மியம் துளியும் தேவையில்லை. பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தை விரட்டிவிட்டு இந்த உலோகங்கள் உட்கார்ந்துகொண்டால் ஒளிச்சேர்க்கை படுத்துவிடும்.

‘ஏரியில் ஆகாயத்தாமரை இருந்தால் நல்லதுதானே, உலோகத்தை உறிஞ்சுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. உறிஞ்சும், உண்மைதான். ஒரு செடியைக் கரையில் இழுத்துப் போட்டுப் பாருங்கள். காம்பு பஞ்சாக உப்பியிருக்கும், அடியில் கருஊதா வேர் கோழி இறகு போலக் கொத்தாகத் தொங்கும். உலோகம் பெரும்பாலும் அந்த வேரில்தான் சேர்கிறது, இலைக்கு ஏறுவது குறைவு. வேகத்தில் இதற்கு ஈடில்லை. இடம் ஒத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும்.

சரி, அப்புறம்? அள்ளாமல் விட்டால் அழுகி, பிடித்ததையெல்லாம் திரும்பவும் தண்ணீரிலும் சேற்றிலும் விட்டுவிடும். அள்ளினாலும் மாட்டுக்குப் போடக் கூடாது. மட்க வைத்து வயலில் கொட்டுவதும் ஆபத்துதான். மட்கும்போது குப்பையின் எடை குறையும், உலோகம் குறையாது. அதனால் உரத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

சம்பங்கோரை நிதானமானது. சேற்றில் ஊன்றி நிற்கும், பிடிக்கும் உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலும் கிழங்கிலுமே வைத்துக்கொள்ளும். ஆழமான நீரில் வராது, வேகமும் கிடையாது. ஆனாலும் ஏரிக்கு நீர் வந்து சேரும் ஓடை வாயில் எதை நடலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வாராவாரம் அள்ள ஆளும், அள்ளியதைப் பத்திரமாக ஒதுக்க இடமும் இல்லாத ஊரில் ஆகாயத்தாமரையை நம்பவே வேண்டாம்.

பொட்டுப் பொட்டாக மிதக்கும் லெம்னா என்ற குட்டி நீர்ச்செடியின் வேலையே வேறு, அது சுத்தம் செய்வதைவிட எச்சரிக்க உதவும். ஆய்வகங்களில் இதை 7 நாள் வளர்த்து, இலைகள் எத்தனை பெருகின என்று எண்ணித்தான் நீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்கிறார்கள். நீங்களும் இரண்டு கண்ணாடி ஜாடியில், ஒன்றில் நல்ல குளத்து நீர், இன்னொன்றில் சந்தேக நீர் என்று விட்டு எண்ணிப் பார்க்கலாம். உலோக நஞ்சால் மட்டுமல்ல, இரும்புச்சத்து குறைந்தாலும் இலை வெளுக்கும். அதனால் வெளுத்ததை வைத்தே முடிவு கட்டாமல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.