ஸ்பிரிங் பூட் கன்ஸ்ட்ரக்டர் பைண்டிங்: செட்டர்களைத் தூக்கிப் போட்ட பிறகு

அப்போது, ஜாவாவின் ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய எங்கள் பேமென்ட் சர்வீஸின் கான்ஃபிக் கிளாஸ் (செட்டிங் மதிப்புகளை வைத்திருப்பது) முழுக்க செட்டர்கள்தான், அதாவது மதிப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடும் மெத்தட்கள். ஒரு நாள் சாயங்காலம், தோற்றதை மறுபடி முயலும் ரீட்ரை நடப்பதே நின்றுபோனது. செட்டிங்குகளை எழுதிவைக்கும் யாமல் ஃபைலில் 3 என்றுதான் இருக்கிறது. ராத்திரி பதினொன்றரை வரை தேடியதில் சிக்கியது ஒரே ஒரு வரி. ரீஃபண்ட் பகுதியில் யாரோ தன் ஒரு ரிக்வெஸ்ட்டுக்காக செட்டரை அழைத்து ரீட்ரையை 0 ஆக்கியிருக்கிறார்கள். அந்த கிளாஸின் பீன் (ஸ்பிரிங் உருவாக்கி வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) ஆப் முழுக்கவே ஒன்றுதானே! ரீஸ்டார்ட் செய்யும் வரை எல்லோருக்கும் 0.

அந்த வாரமே கன்ஸ்ட்ரக்டர் பைண்டிங்குக்கு மாறினோம். 2019ல் ஸ்பிரிங் பூட் 2.2 வெர்ஷனோடு வந்த வசதி இது. ஆப் கிளம்பும்போது மதிப்புகள் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் பகுதி) வழியாக உள்ளே போகும். அதன்பின் யாரும் கைவைக்க முடியாது. நாங்கள் ஜாவாவின் ரெக்கார்டாகவே (செட்டரே இல்லாத, சுருக்கமான கிளாஸ் வகை) எழுதுகிறோம். ஐம்பது வரி கிளாஸ் எட்டு வரியில் முடிந்தது. டீஃபால்ட் மதிப்பும் அந்தந்த பாராமீட்டர் பக்கத்திலேயே கண்ணில் படுகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

குறையும் உண்டு. யாமலில் ஒரு கீ விட்டுப்போனால் சத்தமே இல்லாமல் நல் (வெற்று மதிப்பு) வந்து உட்காரும். அதனால் வேலிடேட்டட் அனோட்டேஷனையும் (கிளாஸின் மேல் போடும் @Validated குறிப்பு), கட்டாயமான ஃபீல்டுகளுக்கு நாட்நல்லையும் (@NotNull) சேர்த்தே போடுங்கள். அப்போது கீ விட்டுப்போனால் ஆப் கிளம்பவே கிளம்பாது, எந்த கீ இல்லை என்றும் சொல்லிவிடும். டூரேஷன் (கால அளவு) விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டைம்அவுட்டுக்கு வெறுமனே 30 என்று எழுதினேன், மனசில் இருந்தது செகண்ட். அது எடுத்துக்கொண்டதோ 30 மில்லிசெகண்ட். டெஸ்ட் சர்வரில் ஒரு அழைப்புகூடத் தேறவில்லை. 30 பக்கத்தில் ஒட்டி ஒரு எஸ் போட்டதும் சரியானது.

கிளாஸைத் தானாகவே பீனாக்கும் காம்பொனென்ட் அனோட்டேஷனோடு இதைக் கலக்காதீர்கள். ஸ்ட்ரிங் டைப்பில் பீன் எங்கே என்று கேட்டு ஆப் நின்றுவிடும். அதற்குப் பதில், இந்த கிளாஸ்களைத் தேடிப் பதிவுசெய்யும் கான்ஃபிகரேஷன் ப்ராப்பர்ட்டீஸ் ஸ்கேனை மெயின் கிளாஸில் ஒரு தடவை போட்டால் போதும்.

ஸ்பிரிங் பூட் 3.0க்கு வந்துவிட்டவர்கள் தயங்காமல் மாறலாம். பாராமீட்டர் உள்ள கன்ஸ்ட்ரக்டர் ஒன்றுதான் என்றால் தனி அனோட்டேஷன்கூட வேண்டாம். 2.7லேயே இருப்பவர்களுக்கு ரெக்கார்டு என்றால் அப்படியே ஓடும், சாதாரண கிளாஸ் என்றால் கன்ஸ்ட்ரக்டர் பைண்டிங் அனோட்டேஷனைப் போட மறக்காதீர்கள்.